அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261: கிரீஸ் போடாததால் மட்டும் விழுந்ததா?

கேள்வி இது: 2000 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் கலிஃபோர்னியாக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்களே, ஒரு மெக்கானிக் கிரீஸ் போடாமல் விட்டதுதான் காரணமா? அப்படியானால் ஒரே ஒரு ஆள் வேலையில் ஏமாற்றினால் விமானமே விழுந்துவிடுமா? விமானிகள் உடனே தரையிறங்கியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா?

கிரீஸ் போதவில்லை என்பது உண்மை. ஆனால் ஒருவர் ஒருமுறை விட்டதால் அந்த விமானம் விழவில்லை. ஒருமுறை விட்டுப்போனாலும் தாங்கும்படிதான் ஆரம்பத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தத் தாங்குசக்தியைப் பதினைந்து ஆண்டுகளாகக் காகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்த விபத்தில் கிரீஸ் கன்னைவிட அந்தக் காகிதங்களைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும்.

முதலில் அந்த உறுப்பு. விழுந்தது எம்.டி.-83 ரக விமானம். அதன் செங்குத்து வாலின் உச்சியில் குறுக்காக ஒரு சிறு இறக்கை இருக்கும். அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். அதன் பின்பகுதி கீலில் நிற்கிறது. முன்பகுதி ஒரு திருகுத் தண்டில் மாட்டியிருக்கிறது; இதுதான் ஜாக்ஸ்க்ரூ. தண்டு ஒரு நட்டுக்குள் நுழைந்து கீழே இறங்குகிறது, நட்டு செங்குத்து வாலின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் தண்டைச் சுற்றினால் தண்டு நட்டுக்குள் ஏறும் அல்லது இறங்கும். கூடவே ஸ்டெபிலைசரின் முன்விளிம்பும் ஏறி இறங்கும். முன்விளிம்பு ஏறினால் விமானத்தின் மூக்கு தாழும். வேகமும் எடையும் மாறும்போதெல்லாம் இந்தக் கோணத்தைச் சிறிது சிறிதாகத் திருத்துவதுதான் ட்ரிம். இதற்கு இரண்டு மோட்டார்கள். விமானி பொத்தானை அழுத்தினால் இயங்குவது பெரியது, ஆட்டோபைலட் இயக்குவது சிறியது.

தண்டு கடினப்படுத்திய எஃகு. நட்டு அலுமினிய வெண்கலம். இது வேண்டுமென்றே செய்த தேர்வு: இரண்டில் மென்மையானது தேயட்டும், அதை மட்டும் மாற்றினால் போதும். ஆகவே நட்டின் மரை (உள்ளே சுற்றி ஓடும் திருகுப் பள்ளம்) தேயும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்த விஷயமே. கிரீஸ் இருந்தால் மெதுவாகத் தேயும். வறண்டால் எஃகு மரை வெண்கல மரையை அரைத்துத் தள்ளும்.

சம்பவ நாள் ஜனவரி 31, 2000. மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வழியாக சியாட்டில் போகவேண்டிய 261-ஆம் எண் விமானம் பசிபிக் நேரப்படி பிற்பகல் 1:37-க்குக் கிளம்பியது. 83 பயணிகள், 2 விமானிகள், 3 விமானப் பணியாளர்கள். சுமார் 23,400 அடி உயரம் ஏறும்போதே ஸ்டெபிலைசர் 0.4 பாகை மூக்கு தாழ்ந்த நிலையில் இறுகிவிட்டது. அதன்பின் ட்ரிம் அசையவில்லை. விமானிகள் கட்டுப்பாட்டுத் தண்டைக் கையால் இழுத்துப் பிடித்தும், இடையிடையே ஆட்டோபைலட்டில் விட்டும் வடக்கே பறந்தார்கள். தரையில் இருந்த பராமரிப்புப் பிரிவோடு ரேடியோவில் பேசிக்கொண்டே வந்தார்கள். 

மாலை 4:09-க்கு லாஸ் ஏஞ்சலிஸில் இறங்க முடிவெடுத்திருந்த நிலையில், பெரிய மோட்டாரை இயக்கினார்கள். இறுகல் விட்டது. மூன்று நான்கு விநாடிக்குள் கோணம் 0.4-லிருந்து 2.5 பாகைக்குத் தாவியது. விமானம் சுமார் 80 விநாடிகளில் 31,000 அடியிலிருந்து 24,000 அடிக்கும் கீழே பாய்ந்தது. இருவரும் சேர்ந்து, ஏறத்தாழ 60 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையோடு இழுத்து அதை நிமிர்த்தினார்கள். அந்த இடத்தில் நட்டின் மரை ஏற்கெனவே உரிந்துபோயிருந்தது. தண்டு மேலே உருவிக்கொண்டு போகாமல் தடுத்தது அதன் அடிமுனையில் இருந்த தடுப்பு வளையம் ஒன்றுதான். அது நட்டின் அடிப்பக்கத்தில் முட்டி நின்றது. அந்த வளையம் முழு வாலையும் தாங்குவதற்காக வைத்ததே அல்ல. பத்து நிமிடம் தாங்கியது. 4:19 வாக்கில் தண்டின் உள்ளே ஓடும் குழாய் முறிந்தது, ஸ்டெபிலைசரின் முன்விளிம்பு எந்த எல்லைக்கும் அடங்காமல் மேலே போனது, விமானம் தலைகீழாகி அனகாபா தீவுக்கு வடக்கே கடலில் விழுந்தது. சுமார் 17,800 அடி உயரத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகமான நேரம். தலைகீழாகவேனும் பறக்கவைக்க முடியுமா என்று அந்த நேரத்திலும் அவர்கள் முயன்றது குரல் பதிவில் இருக்கிறது.

விழுந்த இடத்தில் கடலின் ஆழம் 200 மீட்டர் அளவு. அமெரிக்கக் கடற்படையின் தொலைவியக்க நீர்மூழ்கிக் கருவியைக் கொண்டு சில நாட்களிலேயே இரண்டு கறுப்புப் பெட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு ஜாக்ஸ்க்ரூ மேலே வந்தது. தண்டின் நடுப்பகுதியில் வெண்கல இழைகள் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தன. அவை நட்டின் மரையிலிருந்து உரிந்தவை. நட்டுக்குள் பார்த்தால் மரை இருந்த சுவடே இல்லை, வழவழவென்று இருந்தது. உரிவதற்கு முன்பே மரையின் தடிமனில் 90 சதவீதம் தேய்ந்துவிட்டது என்று ஆய்வகத்தில் கணக்கிட்டார்கள். தண்டும் நட்டும் உரசும் பகுதியில் வேலைக்காகும் கிரீஸே இல்லை. நட்டில் கிரீஸ் செலுத்தும் நிப்பிளின் துவாரத்தை உலர்ந்த கசடு அடைத்திருந்தது.

தேய்மானத்தை எப்படி அளப்பது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான விவாதம் இதில்தான் குழம்புகிறது. தண்டை நட்டிலிருந்து கழற்றாமலே அளக்கும் முறைக்கு எண்ட் பிளே சோதனை என்று பெயர்; நட்டுக்குள் தண்டு மேலும் கீழுமாக எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது. ஸ்டெபிலைசருக்கு ஒரு இழுவைக் கருவியை மாட்டி, குறிப்பிட்ட முறுக்கு விசையில் ஒரு பக்கம் இழுத்து, பிறகு எதிர்ப்பக்கம் தள்ளி, இடையில் உள்ள ஆட்டத்தை டயல் கேஜில் படிப்பார்கள். புது நட்டில் 0.003 முதல் 0.010 அங்குலம் வரை ஆட்டம் இருக்கும். 0.040 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டர், எல்லை. அதைத் தாண்டினால் மாற்ற வேண்டும். சாதாரணத் தேய்மானம் 1,000 பறப்பு மணிக்கு 0.001 அங்குலம் என்பது எதிர்பார்ப்பு.

இந்த விமானத்துக்கு 1997 செப்டம்பரில் ஓக்லாண்டில் பெரிய பராமரிப்பு நடந்தது. ஒரு மெக்கானிக் அளந்தபோது 0.040 வந்தது, சரியாக எல்லையில். நட்டை மாற்றச் சொல்லி எழுதினார்கள். அடுத்த ஷிஃப்டில் மறுபடி அளந்து, ஐந்து முறையும் 0.033 என்று பதிந்து, நட்டை மாற்றாமலே விமானத்தை அனுப்பினார்கள். அதன்பின் அது பறந்தது 8,884 மணி நேரம்.

இங்கேதான் பலர் "0.040 என்று சொன்னதைக் கேட்டிருந்தால்..." என்று நிறுத்திவிடுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.033-இல் ஆரம்பித்து வழக்கமான வேகத்தில் தேய்ந்திருந்தால் 8,884 மணிக்குப் பிறகு 0.042 ஆகியிருக்கும், எல்லையைச் சற்றே தாண்டிய, ஆபத்தில்லாத நட்டு. உண்மையில் தேய்ந்த வேகம் 1,000 மணிக்கு 0.012 அங்குலம், எதிர்பார்த்ததைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அந்த வேகத்தில் 0.107 அங்குலம் கரைந்தது; மொத்தம் 0.140. அன்றைக்குப் புது நட்டே போட்டிருந்தாலும், இதே வேகத்தில் தேய்ந்திருந்தால், விபத்து நாளில் அதன் ஆட்டம் 0.110-ஐத் தாண்டியிருக்கும். அந்த ஒரு நாள் தப்பியிருக்கலாம். நோய் அப்படியே இருந்திருக்கும். இரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள 0.007 அங்குலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அந்தப் பன்னிரண்டு மடங்கை மறைத்துவிடுகிறது. அதோடு, அலாஸ்கா தன் பட்டறையிலேயே செய்துகொண்ட இழுவைக் கருவிகள் போயிங்கின் அளவுகளுக்குப் பொருந்தவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. கருவி சரியில்லாவிட்டால் ஐந்து முறை அளந்தாலும் அதே பிழைதான் ஐந்து முறை வரும்.

இனி காகிதங்களுக்கு வருவோம். இந்த ஜாக்ஸ்க்ரூ 1965-இல் சான்றிதழ் பெற்ற டி.சி.-9 விமானத்துக்காக டக்ளஸ் நிறுவனம் (பின்னாளில் போயிங்கோடு இணைந்தது) வடிவமைத்தது, எம்.டி.-83 அடங்கிய எம்.டி.-80 வரிசை முழுக்க அதன் வழித்தோன்றல். 30,000 மணி நேரம் உழைக்கும் என்று நம்பி, தேய்மானத்தை அளக்கும் ஏற்பாடே இல்லாமல் முதலில் விட்டார்கள். ஓரிரு ஆண்டுக்குள்ளேயே பல விமானங்களில் எதிர்பாராத தேய்மானம் தெரிந்ததால்தான் 1967-இல் எண்ட் பிளே சோதனை வந்தது. கிரீஸ் போடும் இடைவெளியாக வடிவமைப்பாளர்கள் சொன்னது 300 முதல் 350 மணி. பிற்காலத்தில் பராமரிப்புத் திட்டங்களைப் புதுமுறையில் திருத்தி எழுதியபோது உற்பத்தியாளரின் பரிந்துரையே 3,600 மணி வரை போய்விட்டது. ஆரம்பத்தில் 350 என்று எழுதிய பொறியாளர்களின் காரணத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதே நிறுவனம், அதே உறுப்பு, பத்து மடங்கு இடைவெளி.

அலாஸ்காவின் படிகள் இப்படி. 1985-இல் 700 மணிக்கு ஒருமுறை கிரீஸ். 1987-இல் 1,000. 1991-இல் 1,200. 1994-இல் 1,600. 1996 ஜூலையில் மணிக்கணக்கையே எடுத்துவிட்டு எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். விமானங்கள் பறந்த வேகத்தில் அது சுமார் 2,550 மணி. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் பெரிய தாவலாகத் தெரியாது. மணிக்கணக்கை மாதக்கணக்காக்கிய கடைசிப் படிதான் மோசமானது என்பது என் கருத்து, ஏனென்றால் மரை காலண்டரைப் பார்த்துத் தேய்வதில்லை. விமானம் அதிகம் பறந்தால் இடைவெளி தானாகவே நீள்கிறது, அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

எண்ட் பிளே சோதனையும் இதே வழியில் போயிற்று. 1985-இல் 5,000 மணிக்கு ஒருமுறை. 1988-இல் 26 மாதம், அதாவது சுமார் 6,400 மணி. 1996-இல் 30 மாதம், சுமார் 9,550 மணி. உற்பத்தியாளரின் பரிந்துரை 7,200 மணி அல்லது 30 மாதம், எது முந்துகிறதோ அது. அலாஸ்கா எடுத்துக்கொண்டது 30 மாதத்தை மட்டும். 7,200 மணிக் கணக்கு இருந்திருந்தால் விபத்துக்கு 1,600 மணி நேரம் முன்பே டயல் கேஜ் 0.120 அங்குலத்தை ஒட்டிக் காட்டியிருக்கும், எல்லையைப்போல மூன்று மடங்கு. யாராலும் தவறாகப் படிக்க முடியாத அளவு அது. விபத்து நடந்தபோது அடுத்த சோதனைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று காப்பீடு. கிரீஸ் ஒருமுறை விட்டுப்போனால், அடுத்த கிரீஸ் சீக்கிரம் வரும்; அதுவும் தவறினால் அளவெடுப்பில் மாட்டிக்கொள்ளும். ஆனால் இரண்டு இடைவெளிகளையும் தனித்தனிக் கோப்புகளில், ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் நீட்டினார்கள். அதற்கு ஆதாரமாகத் தொழில்நுட்பத் தரவு கேட்காமல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஒப்புக்கொண்டது. "இதுவரை பிரச்சினை வரவில்லை" என்பதுதான் பொதுவான வாதம். தேய்மானத்துக்கு இந்த வாதம் செல்லாது: மரை 10 சதவீதம் மிஞ்சும்வரை விமானி எதையும் உணர மாட்டார்.

கிரீஸ் போடும் வேலைக்கு வருகிறேன். கேட்பதற்கு எளிது. வாலின் உயரத்தில் நின்று மூடிகளைக் கழற்றி, நட்டின் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, நட்டின் மேல்முனையில் புது கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அழுத்த வேண்டும். பிறகு தண்டின் மரை முழுவதும் தூரிகையால் பூச வேண்டும். பிறகு ட்ரிம்மை முழு வீச்சுக்கும் ஓட்டி கிரீஸைப் பரவச் செய்ய வேண்டும். இவற்றில் முதல் படியே இடறும் இடம்: திறப்பு சிறியது, கையை விட்டால் கண்ணுக்கு இடமில்லை, மேலே கிரீஸ் பிதுங்கியதா என்று பார்க்காமலே முடித்துவிடலாம். நிப்பிளின் துவாரம் அடைத்திருந்தால் கிரீஸ் உள்ளே போகவே போகாது. கண்டுபிடிக்கும் ஒரே வழி அந்த மேல்முனையைப் பார்ப்பதுதான். இந்த விமானத்துக்குக் கடைசியாக 1999 செப்டம்பர் 24-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரீஸ் போட்டதாகக் கையெழுத்து இருக்கிறது. அந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று அதைச் செய்தவர் விசாரணையில் சொன்னார். மூடிகளைக் கழற்றி மாட்டுவதோடு முறையாகச் செய்தால் நான்கு மணி நேரம் என்பது அனுபவசாலிகளின் மதிப்பீடு.

ஆனால் பன்னிரண்டு மடங்கு தேய்மானம் ஒரே ஒரு தவறலில் வராது. கடைசிமுறை மட்டுமல்ல, அதற்கு முன்பும் கிரீஸ் விட்டுப்போயிருக்கிறது அல்லது அரைகுறையாக நடந்திருக்கிறது என்றுதான் விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. ஆகவே உங்கள் கேள்வியில் வரும் "ஒரு மெக்கானிக்" சரியான சித்திரம் அல்ல. வேறொருவர் வந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற விதியே அப்போது இந்த வேலைக்கு இல்லை. நடுவில் அலாஸ்கா கிரீஸின் வகையையும் மாற்றியது, மொபில்கிரீஸ் 28-லிருந்து ஏரோஷெல் 33-க்கு. இரண்டும் கலந்ததால் கெட்டது என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். வாரியம் அதைச் சோதித்துப் பார்த்து, காரணம் அதுவல்ல என்று ஒதுக்கிவிட்டது. போட்டதே இல்லாத இடத்தில் எந்த கிரீஸ் என்பது பிரச்சினை இல்லை.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது வடிவமைப்பு. தண்டு உடைந்தால் உள்ளே ஒரு குழாய் தாங்கும் என்று யோசித்திருந்தார்கள். தண்டில் இரட்டை மரை ஓடுவதால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்றும் எண்ணினார்கள். ஆனால் இரண்டு மரைகளும் ஒரே நட்டில், ஒரே கிரீஸில், ஒரே வேகத்தில் தேய்கின்றன. இரண்டும் ஒரே நாளில்தான் போகும். தேய்மானத்தைப் பழுது என்று கணக்கில் எடுக்காததால் சான்றிதழ் தரும்போது இந்த ஓட்டை தெரியவில்லை. கார் ஒர்க்‌ஷாப்பில் திருகால் ஏறும் இரட்டைத் தூண் லிஃப்டில்கூட பிரதான நட்டுக்குக் கீழே பாரம் ஏற்காத இன்னொரு பாதுகாப்பு நட்டு கூடவே வரும்; மேல் நட்டு தேயத் தேய இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறையும், உரிந்தால் கீழ் நட்டு பிடித்துக்கொள்ளும். எம்.டி.-80-இன் வாலில் அப்படி ஒன்றும் இல்லை.

விமானிகளைப் பற்றி. புவெர்ட்டோ வயார்ட்டாவுக்கு உடனே திரும்பியிருக்கலாமே என்று கேட்பது இயல்பு. ட்ரிம் இறுகினால் அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கு என்று அவர்கள் கையிலிருந்த சரிபார்ப்புப் பட்டியல் சொல்லவில்லை. எம்.டி.-83-இல் எரிபொருளைக் காற்றில் கொட்டும் வசதி இல்லை. நிறைந்த எடையோடும் ஒத்துழைக்காத ட்ரிம்மோடும் அதிவேகத்தில் இறங்க வேண்டியிருக்கும். திரும்பாதது புரிந்துகொள்ளக்கூடிய முடிவே என்றது வாரியம். சான் பிரான்சிஸ்கோவரை போய்விடும்படி நிறுவனத்தின் தரைப் பிரிவு அவர்களைச் சாய்க்கப் பார்த்ததாகத் தெரிகிறது என்றும் அறிக்கையில் எழுதியது. ஸ்டெபிலைசர் இறுகியிருக்கும்போது ஆட்டோபைலட்டைப் போட்டது சரியல்ல என்பது அவர்கள்மேல் வைத்த விமர்சனம். முதல் பாய்ச்சலுக்குப் பிறகு ஃபிளாப்பை (மெதுவாகப் பறக்க இறக்கையிலிருந்து இறக்கும் மடிப்புப் பலகை) இறக்கியபோது விமானம் ஓரளவு அடங்கி நின்றது. பிறகு அதை மடக்கினார்கள். கட்டுப்பாடு சிக்கலாக இருக்கும்போது, பறக்கும்படியான ஒரு நிலை கிடைத்துவிட்டால் அதை மாற்றாமல் இறங்கிவிட வேண்டும் என்ற பரிந்துரை இதிலிருந்து வந்தது. ஆனால் நட்டுக்குள் மரையே இல்லை என்பதை விமானி அறையிலிருந்து அறிய எந்தக் கருவியும் கிடையாது. மோட்டார் இறுகியிருக்கிறது என்று நினைத்து மோட்டாரை முயன்றார்கள். ஊர்களுக்கு மேலே போகாமல் கடலுக்கு மேலேயே விமானத்தைச் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டதையும் சொல்ல வேண்டும். இறுதியில் தரையில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை.

2002 டிசம்பர் 30-இல் ஏற்கப்பட்ட அறிக்கை, காரணத்தை நட்டின் மரை தேய்ந்து உரிந்ததாகவும், தேய்ந்ததற்குக் காரணம் அலாஸ்காவின் போதாத கிரீஸ் பராமரிப்பு என்றும் சொன்னது. துணைக் காரணங்கள் மூன்று: ஒன்று, நீட்டப்பட்ட கிரீஸ் இடைவெளி; இரண்டு, நீட்டப்பட்ட அளவெடுப்பு இடைவெளி (இந்த இரண்டுக்கும் எஃப்.ஏ.ஏ. தந்த ஒப்புதலும் சேர்த்து). மூன்றாவது, மரை முழுதும் போனால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத வடிவமைப்பு. மெக்கானிக்காக வேலை பார்த்து வாரிய உறுப்பினரான ஜான் கோக்லியா, இது பராமரிப்பால் நேர்ந்த விபத்து என்று தனிக்குறிப்பே எழுதினார்.

அறிக்கைக்குக் காத்திராமல் 2000 பிப்ரவரியிலேயே எஃப்.ஏ.ஏ. அவசர உத்தரவு போட்டது: டி.சி.-9, எம்.டி.-80, எம்.டி.-90, போயிங் 717 ஆகிய எல்லாவற்றிலும் 72 மணி நேரத்துக்குள் ஜாக்ஸ்க்ரூவில் உலோகத் துகள் இருக்கிறதா, கிரீஸ் இருக்கிறதா, ஆட்டம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அலாஸ்காவின் வேறு விமானங்களிலும் அளவு மீறிய தேய்மானம் அப்போது வெளியே வந்தது. அதன்பின் கிரீஸ் 650 மணிக்கு ஒருமுறை, எண்ட் பிளே 2,000 மணிக்கு ஒருமுறை என்று விதித்தார்கள். இரண்டும் மறுபடி மணிக்கணக்கில்.